தம்பிலுவிலில் கோழி வளர்க்கப் போகும் மச்சானுக்கு

கொக்கட்டிச்சோலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கலியாணம் நல்லபடி முடிந்ததை வாசித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய படங்களை உன் தங்கச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். உன் முழங்கால் வலியை நினைத்தால்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஒரு நல்ல டொக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் சுகம். சிறுபோகம் வெட்டி முடிந்தது. நெல் விலை வழக்கம்போல அறுவடை நேரத்தில் விழுந்துவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பென்ஷன் எடுத்ததும் கொழும்பை விட்டுத் தம்பிலுவிலுக்கே வந்து, அம்மாவின் வளவில் ஐந்நூறு முட்டைக்கோழி போடப் போவதாக எழுதியிருக்கிறாய். வா மச்சான். இதைவிட நல்ல செய்தி எனக்கு இந்த வருஷம் வரவில்லை. ஆனால் ஐந்நூறு வேண்டாம், நூறோடு தொடங்கு.

காரணம் தீன்தான். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். நூறு கோழிக்குப் பதினொரு பன்னிரண்டு கிலோ போகும். 50 கிலோ மூட்டை நாலு நாளில் அடிதட்டிவிடும். ஐந்நூறு என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு மூட்டைக்கு மேலே. முட்டை போட்டாலும் போடாவிட்டாலும் மூட்டையை அவிழ்க்கத்தான் வேண்டும். ஒருநாள் குஞ்சாக எடுத்தால் முதல் முட்டையைக் காண 18 முதல் 20 கிழமை செல்லும். அதுவரை செலவு மட்டும்தான், வரவு ஒரு சதம் இல்லை. மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போகும் என்று கணக்கு வைத்துக்கொள்.

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு சோளம் சரியாக விளையவில்லை. அடுத்த வருஷம் டொலர் தட்டுப்பாட்டில் வெளியிலிருந்தும் போதிய அளவு வரவில்லை. தீன் விலை ஏற ஏற எங்கள் பக்கத்தில் முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழிகளையே இறைச்சிக்குக் கொடுத்தார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கு நாடு வந்தது, நீ கொழும்பில் அந்த முட்டையை வாங்கியும் இருப்பாய். எங்கள் கொட்டில் தப்பியதற்கு அது சிறிதாக இருந்ததுதான் காரணம். குறுநெல், ஆலைத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கையிலை என்று கிடைத்ததைச் சேர்த்துப் போட்டோம். மத்தியானத்துக்குப் பிறகு வளவில் திறந்து விட்டோம். முட்டை பாதியாகக் குறைந்தது, ஆனாலும் கோழி மிஞ்சியது. ஐந்நூறு கோழியை அப்படித் தாங்க ஒரு வளவால் முடியாது.

இதை வாசித்துவிட்டுப் பயந்துவிடாதே. நெற்காசு வருஷத்தில் இரண்டு தரம் வரும், வந்த வேகத்தில் கடனுக்கும் உரத்துக்கும் போய்விடும். முட்டைக்காசு ஒவ்வொரு நாளும் வருகிற காசு. சீனி, தேயிலை, பேரப்பிள்ளையின் பஸ் காசு, கோயிலுக்கு ஒரு கட்டுக் கற்பூரம், எல்லாம் அதிலேதான். அந்தக் காசு முழுவதும் உன் தங்கச்சியின் கையில் இருக்கிறது, அங்கே இருப்பதுதான் சரி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்பு டவுன் கடைகளுக்கு முட்டை அனுப்புவதும் இலகுவாகிவிட்டது. பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்த காலத்தை நீயும் கண்டிருக்கிறாய்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கொட்டிலுக்குத் தகரம் வாங்க முன்பு ஒழுங்கையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அவர்களிடம் எத்தனை கோழி நிற்கிறது என்று கேள். ராணிக்கெட் நோய்க்கு வேலி தெரியாது. செருப்பில் வரும், கோழி வாங்க வருகிற வியாபாரியின் கூடையில் வரும், பழைய தீன் சாக்கில் வரும். காலையில் பார்த்தால் ஒரு கோழி இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாயைத் திறந்து இழுக்கும், பச்சையாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து முறுகிப்போகும். அது வைரஸ் நோய். வந்த பிறகு கொடுக்க ஒரு மருந்தும் இல்லை, வருமுன் தடுப்பு மருந்து கொடுப்பது ஒன்றுதான் வழி.

போன வருஷம் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற ஆச்சியின் கோழிகள் முழுவதும் அதில் போய்விட்டன. எல்லாம் ஊர்க்கோழி, தன் கையால் அடை வைத்துப் பெருக்கினவை. ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழ்க்கும்போது அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஆச்சி ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று கேட்பாய். தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கோ அதற்கு மேலேயோ போதுமான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்திருக்க முடியாது. பத்துக் கோழி வைத்திருக்கிற கிழவி அதற்கு ஒரு குப்பி வாங்குவாரா? அதனால்தான் சின்ன வீடுகள் எல்லாம் விட்டுவிடுகின்றன, நோயும் அந்த வீடுகளில்தான் முதலில் இறங்குகிறது.

இப்போது ஒழுங்கை முழுவதும் ஒரே நாளில் கொடுக்கிறோம். மிருக வைத்திய நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மகன் குப்பியைக் கொண்டு வருவான். ஐஸ் மீன்காரரிடம் வாங்குவது. சூடு பட்டால் மருந்து செத்துவிடும், அதனால் பெட்டியை வெயிலில் வைக்க நான் விடுவதில்லை. கோழிகள் கூட்டில் அடங்கிய பிறகு, பொழுது பட்டவுடன், பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர நாங்கள் கண்ணில் ஒரு சொட்டு விடுவோம். தண்ணீரில் கலந்தும் கொடுக்கலாம். அப்படியென்றால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது, கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். கோழிக்குத் தாகம் எடுக்கட்டும் என்று முன்னே ஒரு மணித்தியாலம் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட வேண்டும். காசை வீட்டுக்கு வீடு கோழிக் கணக்கில் பிரித்துக்கொள்கிறோம். ஆச்சிக்கு எங்கள் வீட்டு அடைக்கோழி ஒன்றையும் குஞ்சுகளையும் உன் தங்கச்சி கொடுத்தாள். இந்தத் தரம் முதல் சொட்டு விட்டது ஆச்சியின் கோழிகளுக்குத்தான்.

ஊர்க்கோழி என்றதும் ஞாபகம் வருகிறது. நூறு முட்டைக்கோழியோடு நாலைந்து ஊர்ப்பேடும் ஒரு சேவலும் கட்டாயம் வை. அவை பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்குக் கேறத் தொடங்கிவிடும், பிறகு முட்டை இல்லை. ஆனால் அடையிருந்து 21 நாளில் தானாகவே உனக்குக் குஞ்சு தரும், குஞ்சுக்கு யாரிடமும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஏழாம் நாள் இரவு முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார், உள்ளே நரம்பு ஓடியிருந்தால் வை, தெளிவாக இருந்தால் எடுத்துவிடு. உன் தங்கச்சி அடைப்பெட்டியில் இடிக்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டும் கரியும் வைப்பாள், உங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்தவர். கோழிச்செள்ளுப் பூச்சி வராமல் அடியில் வேப்பிலை போடுவாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, அவள் வைத்த அடை நன்றாகவே பொரிக்கிறது.

சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முட்டை ஓடு மெலிந்துபோகும். தொட்டால் நொறுங்கும். கோழிக்கு வியர்க்காது, வாயால் இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இளைக்கும்போது ஓட்டுக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு மூச்சோடு போய்விடுகிறது, அதோடு தீனும் குறைவாகத் தின்னும். நாங்கள் விடியப்புறமும் பொழுது சாய்கிற நேரமும்தான் தீன் போடுவோம். மட்டிச் சிப்பியை இடித்துப் பின்னேரத்தில் தனியாக ஒரு சட்டியில் வைப்போம், ஏனென்றால் ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டும். தண்ணீரை மண்சட்டியில், நிழலில் வை. உங்கள் பக்கம் கடற்காற்று வரும், எங்களைவிட உனக்கு இந்தத் தொல்லை குறைவு.

கீரி, மரநாய், பிராந்து, உடும்பு எல்லாம் அங்கேயும் உண்டு. மணல் நிலத்தில் தோண்டுவது சுலபம், வலையை ஒரு அடி ஆழத்துக்குத் தாழ்த்துக் கட்டு. அவ்வளவுதான்.

மழையை மட்டும் லேசாக எடுக்காதே. 2024 கார்த்திகை வெள்ளத்தில் தரையோடு இருந்த கொட்டில்களுக்குள் தண்ணீர் ஏறியது. எங்களுடையது மேட்டில் கட்டியது, அதனால் கோழி நனையவில்லை. ஆனால் சாரல் அடித்து உமி ஈரமாகி, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்துவிட்டது. ஈர உமியை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடுவதுதான் பாதி வைத்தியம். அதனால் மாரிக்குள் குஞ்சு எடுக்காதே. கொட்டிலை இப்போதே கட்டு, ஒரு மாரியை அது எப்படித் தாங்குகிறது என்று பார், எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கண்டுகொள். தை முடியக் குஞ்சு எடுத்தால் போதும். முதல் கிழமை குஞ்சுக்கு 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். கரண்ட் போகும், அதனால் ஒரு பழைய அரிக்கன் லாம்பும் தேடி வை.

குஞ்சு எங்கே எடுப்பது என்பதை நேரில் பேசுவோம். ஒரு இடத்தில் எங்களுக்குத் தந்த பெட்டியில் கால்வாசி முதல் கிழமையே செத்தது, கேட்டால் பதில் இல்லை. இப்போது எடுக்கிற இடத்தில் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த விபரத்தை எழுதித் தருகிறார்கள். அந்தத் துண்டு இல்லாமல் ஒரு குஞ்சும் வாங்காதே.

புரட்டாதிக்குள் எந்த நாள் தம்பிலுவிலில் நிற்பாய் என்று எழுது. நான் அக்கரைப்பற்று பஸ்ஸில் வந்துவிடுவேன், வளவில் எந்தப் பக்கம் மேடு என்று பார்த்துக் கம்பு நடலாம். வரும்போது கொழும்பில் நல்ல வெப்பமானி ஒன்று வாங்கி வா, இங்கே கிடைப்பவை சரியில்லை. முதலில் ஒழுங்கை வீடுகளுக்குப் போவோம், நானும் கூட வருகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்