கூடாரத்துக்கு எந்த அடுப்பு?

ஆசிரியருக்கு,

சுற்றுலாப் பக்கத்தில் கூடாரம், தூங்கும் பை என்று எல்லாம் போடுகிறீர்கள், சரி, அங்கே சமைப்பது எதில் என்று ஒரு வரியாவது எழுதக்கூடாதா? தண்டையார்பேட்டையிலிருந்து காரில் பழவேற்காடு போகிறவனுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. வீட்டு குக்கர், இரும்பு தோசைக்கல், 5 கிலோ சிலிண்டர் எல்லாம் டிக்கியில் அடங்கிவிடும். கடற்காற்றுதான் தொல்லை, அடுப்புக்கு மூன்று பக்கம் தகர மறைப்பு வைக்காவிட்டால் சோறு வேகவே வேகாது.

முதுகில் சுமந்து மலையேறுவது வேறு கதை. முதல் தடவை நான் அம்மாவின் எவர்சில்வர் குண்டானைத் தூக்கிப்போய் பாதி வழியிலேயே நொந்துவிட்டேன். இப்போது மூடியோடு ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரம், ஒரு கரண்டி, 230 கிராம் கேஸ் டப்பா, அதன் தலையில் திருகும் குட்டி அடுப்பு, அவ்வளவுதான். இந்த அடுப்பைச் சுற்றி மட்டும் மறைப்பை முழுதாக மூடிவிடாதீர்கள், டப்பா சூடேறி வெடிக்கலாம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும், கேஸ் தீர்ந்துபோகும். அவலோ ரவையோ கொண்டுபோனால் பிழைத்தோம்.

அப்புறம், ரயிலில் கேஸ் கொண்டுபோகவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது கள்ளத்தனமாக ஏற்றிய சிலிண்டரால்தான். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

ஒரு வாசகன்,
தண்டையார்பேட்டை