அப்பாவுக்கு, தாலினிலிருந்து

தாலின்
7 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. ஐப்பசி முதல் வாரத்துத் தேதி போட்டிருக்கிறீர்கள். இங்கே கார்த்திகை பாதிக்கு மேல் போய்விட்டது. கட்டட எண்ணை எழுதிவிட்டு வீட்டு எண்ணை விட்டிருக்கிறீர்கள். எங்கள் கட்டடத்துக்கு ஐந்து வாசல், எழுபதுக்கு மேல் குடித்தனம். கடிதம் நாலாவது வாசலில் தபால் பெட்டிகளுக்கு மேலே பல நாள் கிடந்திருக்கிறது. அங்கே யாரையோ பார்க்கப் போன மூன்றாம் மாடிப் பாட்டி இந்தியத் தபால்தலையைக் கண்டு, எனக்குத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வந்தார்.

நாலு மாதமாக நான் எழுதவில்லை, அப்பா. போனில் அம்மாவிடம் பேசிவிட்டு, "அப்பாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிடும்மா" என்று முடித்துவிடுகிறேன். உங்களுக்குப் போனில் காது கேட்காது என்று தெரிந்தும் அப்படிச் செய்தது தப்பு. நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்றுவிடாமல் பதில் எழுதுகிறேன்.

முதலில் குளிர். இன்றைக்கு மைனஸ் 8. காலை ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது, மூன்றரைக்குள் இருட்டிவிடுகிறது. பனியைவிடப் பனி உருகி மறுபடி உறைகிற நாள்தான் மோசம். நடைபாதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பி அடிக்கிற ஒரு சின்ன வில்லையைக் கட்டாயம் உடையில் தொங்கவிட வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. என் கோட்டிலும் ஒன்று தொங்குகிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், கவலைப்பட வேண்டாம்.

சாப்பாடு பழகிவிட்டது. இவர்களுக்குக் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு ரொட்டி, ரை என்ற தானியத்தின் மாவில் புளிக்கவைத்துச் செய்வது, லெய்ப் என்கிறார்கள். புளிப்பு இருப்பதால் எனக்கு ஒத்துப்போகிறது. அதோடு உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ். அரிசி வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று ஆகிவிட்டது. அறையும் மாறிவிட்டேன். பழையது பெரியது, சூடாகவே நேரமாகும். இது சின்னது, சட்டென்று சூடாகிவிடும். பஸ்ஸுக்குக் காசு கிடையாது, ஊரில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2013இலிருந்தே இலவசம். ஆக, செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. "பெட்டி நடக்கிறது என்கிறாய், அதில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை நான் முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வேலைதான்.

ரோபோ என்றதும் கை, கால், முகம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்கு மூடி போட்ட ஒரு பெட்டி. அடியில் ஆறு சக்கரம், பின்னால் ஒரு கம்பி, கம்பி நுனியில் சின்னக் கொடி. கடைக்காரர் சாப்பாட்டை உள்ளே வைத்து மூடினால் பூட்டிக்கொள்ளும். நடைபாதையிலேயே, கேமராவால் பார்த்துப் பார்த்து வரும். எங்கேயாவது சிக்கிக்கொண்டால், தொலைவில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்த்து வழி காட்டுவார். 2017இலேயே இந்த எஸ்தோனியா நாடு இதற்குச் சட்டம் போட்டுவிட்டது: மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பை நிறையத் தபாலோடு மேட்டுத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவீர்களே, ஏறக்குறைய அந்த வேகம்.

இந்த வகை வண்டிகளைப் பெரிய அளவில் ஓடவிட்ட ஸ்டார்ஷிப் என்ற நிறுவனம் 2014இல் தொடங்கியது. அதன் பொறியாளர்கள் பலர் இந்த ஊரில்தான் வேலை செய்கிறார்கள். அக்கா கல்யாணத்தன்று பெரியப்பாவோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோமே, அந்த ஸ்கைப்பை எழுதியவர்களும் தாலின்காரர்கள். அவர்களில் ஒருவர் இதையும் தொடங்கியவர். நான் இருப்பது அங்கே இல்லை. எங்களுடையது மிகச் சின்ன அலுவலகம், இப்போது ஆறு பேர். முன்பு ஒன்பது. மற்றவர்களுக்குச் செயலியின் திரைகளை வடிவமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். ரோபோவில் சாப்பாடு அனுப்பும் ஒரு கம்பெனி, தன் பழைய செயலியைப் புதிதாக்கித் தரச் சொல்லி வந்தது. எட்டு மாதமாக அதுதான் என் வேலை.

பழைய செயலி பார்க்க அழகு. சாப்பாட்டுப் படங்கள் பளபளக்கும், வரைபடத்தில் ரோபோ ஊர்ந்து வருவது தெரியும். அதை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனேன். எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற ரோபோக்களை எண்ணி ஒரு நோட்டில் கோடு போடுகிறார். பனி கொட்டினால் யாரும் சொல்லாமலே துடைப்பத்தோடு இறங்கி அவற்றுக்குப் பாதை கூட்டிவிடுகிறார். "போய்சிகெ" என்றுதான் கூப்பிடுவார்; சின்னப் பையன் என்று அர்த்தம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு எஸ்தோனிய மொழி கொஞ்சம். ஆனாலும் அவர் ஒரு தடவைகூட இதில் சாப்பாடு வாங்கியதில்லை. சரி, ஒரு சூப் வாங்கிப் பார்ப்போம் என்றேன்.

வாங்குவது வரை சுலபமாக நடந்தது. ரோபோ வந்துவிட்டது என்று மணி அடித்ததும் திரையில் சிவப்பாக ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது, இத்தனை நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும் என்று. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கை நடுங்கியது. கோட்டு, தொப்பி, பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டி இறங்கினால், எங்கள் வாசலில் ரோபோ இல்லை. கட்டடத்தின் நடுவில், மூன்றாவது வாசலுக்கு நேராக நிற்கிறது. அங்கே நடந்துபோய், திறப்பதற்குத் திரையைத் தொட்டால் வேலை செய்யவில்லை. விரலின் தோல் பட்டால்தான் அந்தத் திரைக்குத் தெரியும். கம்பளிக் கையுறை பட்டால் தெரியாது. கையுறையைக் கழற்றி, மறுபடி தேடுவதற்குள் நேரம் முடிந்து, சூப்போடு அது கிளம்பிவிட்டது. பாட்டி என்னைப் பார்த்து, "நான் மெதுவாக வந்துவிட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார், அப்பா. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு எங்கள் திரையில் இருக்க, அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அப்போதுதான் நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது: "முகவரி வேறு, வாசல் வேறு." மேலத்தெரு ஆச்சிக்குப் பின்வாசல் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், வாத்தியார் வீட்டில் பகலில் ஆள் இருக்காது, எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றெல்லாம் உங்கள் மனதில் ஒரு வரைபடம் இருந்தது. இந்தச் செயலியில் முகவரி மட்டும்தான் இருந்தது. அதனால் முதல் வேலையாக, வாங்குபவர் தன் வாசலை ஒரே ஒரு தடவை காட்டினால் போதும், அதை மறக்காமல் வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். சிவப்புக் கடிகாரத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் "இறங்கி வருகிறேன்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ரோபோ கூடுதல் நேரம் காத்திருக்கும். விரலால் தொட வேண்டிய எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். கீழே போனபின் கைபேசி பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாலே பூட்டு திறக்கும். இதற்காக மட்டும் ஐந்து வாரம் சண்டை போட்டேன்.

அப்புறம் எழுத்து. வெளிர் சாம்பல் எழுத்து இளைஞர்களுக்கு நாகரிகமாகத் தெரியும், பாட்டிக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5 மடங்காவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஜூன் 28இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைச் செயலிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. கண் தெரியாதவர்களுக்குக் கைபேசி திரையைப் படித்துச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் நாம் சரியாகப் பெயர் வைத்திருந்தால்தான் சொல்லும். பழைய செயலியில் பாதிப் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துச் சொல்வீர்களே, அது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்.

தீராத ஒன்று இருக்கிறது. ரோபோவால் படி ஏற முடியாது. அம்மா மாதிரி முழங்கால் வலி உள்ளவர் நாலாம் மாடியில் இருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டார் எடுத்துத் தரும்படி ஏதாவது செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. விடமாட்டேன்.

புதிய செயலியில் பாட்டி நவம்பரில் மறுபடி சூப் வாங்கினார். மூடி தானாகத் திறந்ததும் கை தட்டினார். பாதி சூப்பை எனக்கு ஊற்றி, பக்கத்தில் ஒரு லெய்ப் துண்டு வைத்து, "யாட்கு லெய்பா" என்றார். சாப்பிடுகிறவரைப் பார்த்து இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்கள், ரொட்டி குறையாமல் இருக்கட்டும் என்று. நம் வீட்டில் இரண்டாம் தடவை சோறு போடும்போது அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! சூப்பைக் குடிக்க முடியாமல், சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சில நாள் இருட்டில் அலுவலகத்திலிருந்து வரும்போது, பனிக்கு மேலே அந்தச் சின்னக் கொடி மட்டும் ஆடிக்கொண்டு வரும். சைக்கிள் மணி கேட்கும் என்று ஒரு நிமிடம் காத்து நிற்கிறேன், அப்பா.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பல தடவை படித்துவிட்டேன். தம்பி சாயங்காலம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "உன் பெட்டி இங்கேயும் வந்தால் இவன் பிழைப்பு என்ன ஆகும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவன் எனக்கு இதைச் சொல்லவே இல்லை. நம் பக்கம் உடனே வராது. இதற்கு உடையாத நடைபாதையும் நெரிசல் இல்லாத தெருவும் வேண்டும். ஆனால் வருகிற இடத்தில் சிலருக்கு வேலை போகத்தான் செய்யும், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவனுடைய இந்தப் பருவக் கட்டணத்தை நான் அனுப்பியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று மாற்றியிருக்கிறார்கள், ஓய்வு நிறையக் கிடைக்கிறது. அதனால்தான் பணம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது. தைக்குள் பாதி, மாசியில் மீதி அனுப்பிவிடுகிறேன். அதுவரை மழையில் ஓட்ட வேண்டாம், ஹெல்மெட் இல்லாமல் கிளம்பவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சித்தப்பா தெற்குப் பக்க நிலத்தை விற்கிற விஷயம்: கூட்டுப் பட்டாவாக இருக்கும்போது எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சர்வேயரை வரவழைத்து அளந்து, உட்பிரிவு செய்து, உங்கள் பங்குக்குத் தனிப் பட்டா வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். கிணற்றுக்குப் போகும் பாதையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் எப்போது என்று அம்மாவிடம் கேட்டேன், இரண்டு தடவையும் பேச்சை மாற்றிவிட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்களாவது எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் கண். வீட்டு எண்ணை மறக்கிற ஆள் இல்லை நீங்கள். உறையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணை எழுதத்தான் செய்திருக்கிறீர்கள், அப்பா. தபால்தலையை அதன் மேலே ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளேயும் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கண்புரை முற்றட்டும் என்று தள்ளிப்போட்டது போதும். பொங்கல் முடிந்த வாரமே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துகொள்ளுங்கள். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதை நான் வேறு எதற்கும் தொட மாட்டேன்.

அடுத்த கடிதத்தில் முகவரியை மட்டும் தம்பி எழுதட்டும். கட்டட எண், ஒரு கோடு, பிறகு 38. உள்ளே நீங்களே எழுதுங்கள், வரி ஏறினாலும் பரவாயில்லை, நான் படித்துக்கொள்வேன்.

உங்கள் அன்பு மகள்