அணியைக் கொண்டுபோங்கள், பெயரை விட்டுவிட்டுப் போங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கரின் அணி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிழக்குக் கரையில் கோடைகாலத்து இரவு ஏழரைக்கு விசில் ஊதினால் இங்கே எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி. அந்த நேரத்துக்கு எழுந்து ஆட்டம் பார்க்கிற உரிமையில் எழுதுகிறேன். ஒரு அணி வேறு ஊருக்குப் போனாலும் அதன் பெயர் பழைய ஊரிலேயே இருக்கட்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2023இல் மெஸ்ஸி இன்டர் மயாமி அணிக்காக வந்து இறங்கிய அரங்கம் மயாமி நகரத்துக்குள் இல்லை. பக்கத்து ஃபோர்ட் லாடர்டேலில், பழைய லாக்ஹார்ட் அரங்கத்தை இடித்த மனையில் கட்டியது. அந்த மனையில் இதற்கு முன் யார் யார் குடியிருந்தார்கள் என்று பாருங்கள்.

1977இல், உங்களுக்கு முந்தைய வட அமெரிக்கக் கால்பந்து லீக்கின் (NASL) ஸ்ட்ரைக்கர்ஸ் அணி வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் குறுக்குப் பட்டை போட்ட சட்டை. கார்டன் பேங்க்ஸ், ஜார்ஜ் பெஸ்ட், கெர்ட் முல்லர் என்று பெரிய தலைகளெல்லாம் அதைப் போட்டு ஆடினார்கள். அந்த ஆகஸ்டில் பெலேயின் அணியான காஸ்மாஸுக்கு எதிராக ஸ்ட்ரைக்கர்ஸ் ஆடியதைப் பார்க்க நியூ ஜெர்சியில் 77,691 பேர் கூடினார்கள். 1983 சீசன் முடிந்ததும் அணி மினசோட்டாவுக்கு மூட்டை கட்டியது. அடுத்த சீசனோடு அந்த லீக்கே முடிந்துபோனது.

அப்புறம் 1998இல் உங்கள் லீக்கின் மயாமி ஃப்யூஷன் அணி அதே மைதானத்துக்கு வந்தது. 2001 லீக் சுற்றில் அதற்குத்தான் முதலிடம். 2002 ஜனவரியில் டம்பா பே மியூட்டினி அணியோடு சேர்த்து அதையும் கலைத்துவிட்டீர்கள். பல நாடுகளில் கடைசி இடத்துக்கு வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்குவார்கள். முதலிடம் வந்த அணியை அடுத்த சீசனுக்குள் இல்லாமலே ஆக்கியது நீங்கள்தான்!

நஷ்டம் என்றீர்கள். சரி, நஷ்டம்தான். 1996இல் பத்து அணிகளோடு தொடங்கிய லீக் அன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் இன்று நிலைமை அதுவா? முப்பது அணிகள் ஆகிவிட்டன. கடைசியாக வந்த சான் டியேகோ உள்ளே நுழையவே 50 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சம்பளத்தை அமுக்குகிறீர்கள் என்று ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டபோது, "நாங்கள் தனித்தனிக் கிளப்புகள் அல்ல, எல்லாம் ஒரே நிறுவனம்" என்று வாதாடி ஜெயித்தீர்கள். அப்படியானால் ஒரு அணி ஊரை விட்டுப் போவதை மட்டும் அந்த ஒரு முதலாளியின் சொந்த விவகாரம் என்று எப்படி ஒதுக்கித் தள்ள முடியும்? ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் க்ரூ அணியை 2013இல் விற்றபோதே, வேண்டுமானால் டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். 2017இல் புது முதலாளி அந்தக் கதவைத் தட்டியபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. இத்தனைக்கும், உங்கள் லீக்கில் கால்பந்துக்கென்றே முதல் அரங்கம் எழும்பிய ஊர் அது.

அங்கே ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். 1996இல் ஓஹாயோ மாநிலம் போட்ட சட்டம் ஒன்றும் கை கொடுத்தது. அரசுப் பணத்தில் பயன் பெற்ற அரங்கத்தில் ஆடும் அணி வெளியேற வேண்டுமானால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்பும் தர வேண்டும். மாநில அரசே நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் உள்ளூர்க் குடும்பம் ஒன்றும் சேர்ந்து அணியை வாங்கியது. 2020இல் அதே க்ரூ கோப்பையையும் தூக்கியது.

நான் கேட்பது புதுசு இல்லை, நீங்களே ஒருமுறை செய்ததுதான். 2005 முடிவில் சான் ஹோசேயிலிருந்து ஆட்டக்காரர்கள் ஹூஸ்டனுக்குப் போனார்கள். எர்த்க்வேக்ஸ் என்ற பெயரையும் நிறத்தையும் பழைய சாதனைகளையும் சான் ஹோசேயிலேயே விட்டுவைத்தீர்கள். 2008இல் அதே பெயரில் அணி திரும்பி வந்தது. அதை விதியாக்குங்கள். கூடவே ஓஹாயோவின் ஆறு மாத அவகாசத்தை எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக்குங்கள். அடுத்து யாருக்கு இடம் கொடுத்தாலும் முதல் கையெழுத்துக்கு முன்பே இரண்டும் ஒப்பந்தத்தில் ஏறட்டும். இருக்கிற முப்பது பேருக்குப் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
விடியற்காலை ரசிகன் ஒருவன்