மலையேறிய சிப்ஸ் பாக்கெட்

குன்னூர்
ஐப்பசி 20

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே விடாத மழை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. கோயம்புத்தூருக்கு வகுப்பெடுக்கப் போக முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். முழங்கால் வலி பரவாயில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் ப்ரொபல்ஷன், அதாவது ராக்கெட்டும் ஜெட்டும் எப்படித் தள்ளப்படுகின்றன என்ற பாடம், பிடிக்கிறதா என்று கேட்டிருந்தாய். பிடிக்கிறது. உந்துவிசைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதில் இரண்டாவதாக வரும் உறுப்பு, நாசில் (எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் கூம்புக் குழாய்) வாயில் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அது என்ன செய்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேர்வில் கேட்பது நிரூபணத்தை மட்டும்தான்.

அதனால் போன மாதம் மூன்றாமாண்டுப் பிள்ளைகளை வேன் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட் வாங்கினான். "பிரிக்காதே" என்று சொல்லி, எல்லார் கண்ணிலும் படும்படி முன்னால் வைத்தேன். கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏற ஏற அது உப்ப ஆரம்பித்தது. மேட்டுப்பாளையத்தில் கசங்கிக் கிடந்த பாக்கெட், குன்னூர் வந்தபோது சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் தலையணை மாதிரி விறைத்து நின்றது. விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம்.

325 மீட்டரிலிருந்து 1,850 மீட்டருக்கு வந்திருக்கிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பாக்கெட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கிலோ தள்ளுகிறது என்று கேட்டேன். ஒரு பெண் பதினைந்துக்கு இருபது சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டு, "ஐம்பது கிலோ கிட்ட வருது சார்" என்றாள். உடனே பின்சீட்டிலிருந்து ஒருவன், "பை உப்பிடுச்சே, அப்போ உள்ளேயும் அழுத்தம் குறைஞ்சிருக்கும், அவ்வளவு இருக்காது" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்காகத்தானப்பா இந்த வயதிலும் மலை இறங்கிப் போய்வருகிறேன்.

அப்புறம் எல்லாம் சுலபமாக வந்தது. நாசில் வாயும் அந்தப் பாக்கெட் மாதிரிதான்; வெளிக்காற்று மெலிந்தால் உள்ளே இருக்கும் வாயுவின் கை ஓங்கும். ராக்கெட் கிளம்பும்போது ஒல்லியாக இருக்கும் நெருப்பு, உயரே போகப்போக ஏன் குடை மாதிரி விரிகிறது என்று அவர்களே சொன்னார்கள். ராக்கெட் உயரே போனால் உந்துவிசை கூடும். காற்றை விழுங்கி வாழும் ஜெட் எஞ்சினுக்கோ காற்று மெலிய மெலிய விசை குறையும். ஒன்றுக்கு லாபமாவது மற்றதற்கு நஷ்டம்.

"அப்படியென்றால் முதலிலிருந்தே நாசிலைப் பெரிதாகச் செய்துவிட்டால் என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லவில்லை. காலித் தேங்காயெண்ணெய் பாட்டில் ஒன்றை இங்கேயே இறுக்கி மூடி அவள் கையில் கொடுத்தனுப்பினேன். ராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்து போட்டோ அனுப்பியிருந்தாள்: இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போன பாட்டில்.

அடுத்த வகுப்பில் உங்கள் ஊர் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ எஞ்சின் சோதனை மையத்தைத்தான் சொன்னேன். சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) எஞ்சினின் நாசில் வாய், அதன் குறுகிய கழுத்தைப் போல 100 மடங்கு பரப்பு. அவ்வளவு விரிந்து வருவதால் வாயில் வாயுவின் அழுத்தம் 50 மில்லிபார்தான். தரையில் வெளிக்காற்று அதைப்போல இருபது மடங்கு. அப்படியே எரித்தால் வாயு சுவரை விட்டு விலகி நாசிலையே உலுக்கி எடுத்துவிடும். அதனால்தான் காற்றை வெளியேற்றிய கூடத்தில் வைத்துச் சோதிப்பார்கள். 2024 நவம்பர் 29-ல் நாசிலுக்குத் தனிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்து, அதே எஞ்சினைத் தரைமட்டக் காற்றழுத்தத்திலேயே எரித்துக் காட்டினார்கள். சொல்லி முடித்ததும் அவள் அந்த ஒடுங்கிய பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

இப்போது உயரத்துக்கேற்ப நீளும் நாசிலைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்கிறாள். அமெரிக்காவின் ஆர்எல்10பி-2 எஞ்சினில் நாசிலின் கீழ்ப்பகுதி வானத்தில் இறங்கிப் பொருந்தும் என்று சொன்னதிலிருந்து தினம் ஒரு கேள்வி.

ஒரு உதவி. விடுதியில் நாம் இருந்தபோது நாசிலின் வளைவை நீ கையாலேயே கணக்குப் போட்டு, வரைபடத் தாளில் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாயே, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்பி வை. அவளிடம் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்
பழைய அறைத்தோழன்