தெருவை அளந்த பிறகே உயர்மாடிக் கட்டட அனுமதி: மேற்கு மாம்பலம் குடியிருப்போர் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மேற்கு மாம்பலம் குடியிருப்போர்
(கையொப்பங்கள் தனியே இணைக்கப்பட்டுள்ளன),
சென்னை 600 033.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
காந்தி இர்வின் சாலை, எழும்பூர்,
சென்னை 600 008.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: உயர்மாடிக் குடியிருப்புக்கான திட்ட அனுமதி – தெருவின் அகலத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் அளந்த பிறகு முடிவெடுக்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். இணைப்பு வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கும் எங்கள் தெருவில், பழைய கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று வரவிருக்கிறது. தரைக்குக் கீழே கார் நிறுத்த இரண்டு தளங்கள். மண்டபத்தை இடித்தாகிவிட்டது, சுற்றிலும் தகரம் அடித்தாகிவிட்டது, மண் பரிசோதனைக்குத் துளையும் போட்டுவிட்டார்கள். திட்ட அனுமதி எண் எழுதிய பலகை மட்டும் இன்றுவரை அங்கே இல்லை. விண்ணப்பம் தங்கள் அலுவலகத்தில் பரிசீலனையில் இருப்பதாக அறிகிறோம். அதன் மீது முடிவெடுக்கும் முன், அதிகாரிகள் நேரில் வந்து எங்கள் தெருவின் அகலத்தை எங்கள் முன்னிலையில் அளக்க வேண்டும். இந்த மனுவின் தலையாய கோரிக்கை இதுதான்.

மாடிக் கட்டடமே வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மாம்பலம் ரயில் நிலையம் நடக்கிற தூரம். 2023-இல் திறந்த நடைமேம்பாலம் வழியாக தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போய்விடலாம். கோடம்பாக்கத்தில் மெட்ரோவும் வரப்போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் குடும்பங்கள் குடியேறுவது நகரத்துக்கு நல்லதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வீடு கிடைக்காமல் மேடவாக்கத்துக்கும் வண்டலூருக்கும் போய்விட்டதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தத் தெரு எத்தனை மாடியைத் தாங்கும் என்பதைக் காகிதத்தில் உள்ள அகலத்தை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறோம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பைக் கட்டலாம் என்ற கணக்கு, முழு அளவான 3.25 கிடைக்க 18 மீட்டர் சாலை வேண்டும். சாலை குறுகினால் கட்டக்கூடிய பரப்பும் குறையும். 12 மீட்டருக்குக் கீழே போனால் உயர்மாடிக்கு இடமே இல்லை. மனைக்கு முன்னால் மட்டும் அகலம் இருந்தால் போதாது, அந்த அகலம் சாலையில் 500 மீட்டர் நீளத்துக்காவது இருக்க வேண்டும் என்று சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகள் சொல்லின. விதி எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். மண்டபத்துக்கு எதிரே தெரு அகலமாகத்தான் இருக்கிறது. கல்யாண வண்டிகள் திரும்புவதற்காக அந்தக் காலத்தில் மனையிலிருந்தே சிறிது இடம் விட்டிருந்தார்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் தெரு சட்டென்று ஒடுங்கிவிடுகிறது. தெருப் பையன்கள் அந்த இடத்தில் சுவரிலிருந்து சுவருக்கு டேப் பிடித்துப் பார்த்தார்கள். பதினோரு மீட்டர்கூடத் தேறவில்லை. அதற்குள்ளேதான் ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கம் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் எனும் மின் இணைப்புப் பெட்டி, தெருமட்டத்தைவிட உயரமாகக் கட்டிய மழைநீர் வடிகால், அதன்மேல் வரிசையாக இரு சக்கர வாகனங்கள். கழிவுநீர் லாரி ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்வாங்கித்தான் ஆக வேண்டும். போட்டோக்களையும் அளவுக் குறிப்பையும் இணைத்திருக்கிறோம். எங்கள் அளவை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. தங்கள் சர்வேயர் வந்து அளக்கட்டும், அந்த முடிவுக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.

தெரு அகலத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் தீ விபத்து பற்றிய பயம். 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்ததை எங்கள் மொட்டை மாடிகளிலிருந்தே பார்த்தோம். அந்தச் சாலையிலேயே தீயணைப்பு வண்டிகள் திணறின. மறுநாளும் தீ அடங்கவில்லை, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தே விழுந்தது. கடைக்குள் வாடிக்கையாளர்கள் இல்லாத நேரம் என்பதால் உயிர்கள் தப்பின. இங்கே வரப்போவது வீடுகள். ராத்திரி இரண்டு மணிக்கும் உள்ளே குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள். தீயணைப்புத் துறையிடம் உயர மாடிகளுக்கு எட்டும் 54 மீட்டர் ஸ்கை லிஃப்ட் ஏணி வண்டி இருக்கிறது. தடையில்லாச் சான்று தருவதற்கு முன், ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு அந்த வண்டியை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்து கோயில் திருப்பத்தைத் தாண்டிக் காட்டச் சொல்லுங்கள். தாண்டிவிட்டால் எங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

அடுத்தது தண்ணீர். மாம்பலம் ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர். 1920களில் அந்த நீண்ட ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரி போனாலும் நிலத்தின் மட்டம் மாறவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தேங்கிய தண்ணீர் எங்களுக்குச் சொன்னது அதைத்தான். மழை வலுத்தால் துரைசாமி சுரங்கப்பாதையையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையையும் மூடிவிடுகிறார்கள், தி.நகர் பக்கம் போகவே வழியில்லை. இந்த மண்ணில் இரண்டு தளத்துக்குப் பள்ளம் தோண்டினால் மாதக்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்து வெளியே விட வேண்டியிருக்கும். அது எந்த வடிகாலில் போகப்போகிறது? மழைக்காலத்தில் அந்த வடிகால் ஏற்கெனவே நிரம்பி வழிகிறதே. மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு கழிவுநீர் வாசலுக்கு வருவதும் எங்களுக்குப் புதிதல்ல. குடிநீர் வாரியம் இந்த இணைப்பைத் தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறது என்பதை எங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பள்ளம் தோண்டும்போது பக்கத்து வீடுகளின் கதி என்ன என்பதும் பெரிய கவலை. மண்டபத்தின் தெற்குச் சுவரை ஒட்டியிருப்பவை பில்லர் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகள். மண்டபத்தை இடித்தபோதே ஒரு வீட்டின் பூஜை அறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் எண்பதைத் தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். கேட்கப் போனபோது கட்டுமான நிறுவனத்தின் ஆட்கள் "சிமெண்ட் பூசிக் கொடுத்துவிடுகிறோம்" என்றார்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பூசி மூடுகிற பேச்சை எங்களால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ரியல் எஸ்டேட் சட்டம் 2016-இன்படி, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் இத்தகைய திட்டத்தை விளம்பரப்படுத்தவே கூடாது. இங்கே பதிவு எண் இல்லாத வண்ணப் பிரசுரம் வீடு வீடாக வந்துவிட்டது. முன்பணம் கொடுத்தவர்களும் இருப்பதாகக் கேள்வி. நாளைக்கு மாடிகளைக் குறைக்க நேர்ந்தால் அடிபடப்போவது அந்த நடுத்தரக் குடும்பங்கள்தான்.

இந்தக் கட்டடம் விஷயத்தில் தெருவுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு என்பதையும் மறைக்கவில்லை. இது வந்தால் தங்கள் பழைய ஃபிளாட்டுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் நினைப்பதில் தவறில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஆகவே அடுத்தடுத்த மனைகளும் வரிசையில் நிற்கின்றன. இந்த ஒரு மனையில் காகித அளவை ஏற்றுக்கொண்டால் அடுத்தவரும் அதையே காட்டுவார். அதனால்தான் ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரு தரப்பும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அளந்து பார்ப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

எனவே தாங்கள் அருள்கூர்ந்து, ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, மாநகராட்சி கோடம்பாக்கம் மண்டலம், தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், குடிநீர் வாரியம் ஆகியவற்றின் அலுவலர்களோடு கூட்டாகத் தெருவை ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும். கோயில் திருப்பம் உட்பட தெரு முழுவதையும் அளந்து, அந்த அளவு வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அகலம் குறைவாக இருந்தால் அந்த அகலத்துக்கு விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவோடு நிறுத்த வேண்டும். பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ மூலம் அதை மீறவிடக் கூடாது. அனுமதி தருவதாக முடிவானாலும், பள்ளம் தோண்டும் முன் சுற்றியுள்ள வீடுகள் ஒவ்வொன்றையும் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துப் போட்டோவோடு பதிவு செய்ய வேண்டும். சேதம் வந்தால் ஈடு செய்வதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோண்டும் வேலை வேண்டாம். இவை முடியும்வரை மனையில் எந்த வேலையும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு வேண்டிய ஒத்துழைப்பைத் தருகிறோம். அன்று தெருவில் ஒரு வண்டிகூட நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கு மாம்பலம் குடியிருப்போர்

இணைப்பு: தெரு வரைபடம், அளவுக் குறிப்பு, போட்டோக்கள், விளம்பரப் பிரசுரத்தின் நகல், கையொப்பப் பட்டியல்.

நகல்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, இயக்குநர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, மேலாண்மை இயக்குநர், சென்னைக் குடிநீர் வாரியம்.