அஞ்செட்டி வரைபடம் காய்ந்துவிட்டது: நன்றி மடல்

அஞ்செட்டிப் பகுதியைக் காட்டும் பழைய நில அளவை வரைபடம், 57 எச்/11 எண் தாள், நனைந்தும் பிழைத்துவிட்டது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவு. கிருஷ்ணகிரி மாவட்டமோ தர்மபுரி மாவட்டமோ பிறக்காத காலத்தில், சேலம் ஜில்லா என்று அச்சானது. தொட்டஹல்லா ஆறும், அதில் இறங்கும் ஓடைகளும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து 50 அடிக்கு ஒன்றாகச் சுற்றும் பழுப்புச் சமஉயரக் கோடுகளும் அப்படியே இருக்கின்றன. அது நனைந்த இரவில் என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி லேமினேஷன் கடைத் தம்பிக்கு. ஈரத்தோடு நீட்டிய தாளின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தவர், "துணி ஒட்டின மேப்புங்க இது. சூடு ஏத்தினா அப்புறம் பிரிக்கவே முடியாது" என்று சொல்லி, வந்த கூலியை விட்டுவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பிளாஸ்டிக்கின் பசை உருகி நாருக்குள் இறங்கினால் காகிதத்தைக் கிழிக்காமல் எடுக்க வழியில்லை. துணிக்குள் நிற்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளமும் போடும்.

அதோடு விடவில்லை. அச்சடிக்காத வெள்ளைத் தாள் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். அதுதான் காப்பாற்றியது. அச்சுமை எண்ணெய் மை, தண்ணீரில் கரையாது. கெடுவது காகிதமும், துணியை அதில் ஒட்டிய மாவுப்பசையும்தான். இரண்டு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாள் வைத்தால் அதன் மை வரைபடத்தில் ஏறிவிடும். வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி, முதல் நாள் மணிக்கொரு தடவை தாளை மாற்ற வேண்டும். வெயில் கூடாது: துணி ஒரு வேகத்திலும் காகிதம் ஒரு வேகத்திலும் சுருங்கித் தாள் சுருண்டுகொள்ளும்.

இரவு முறைபோட்டுத் தாள் மாற்றியவர்கள், செலோடேப் ஒட்டவிடாமல் தடுத்த அக்கா, உருளையில் இழுக்காமல் தட்டையாக வைத்து ஸ்கேன் எடுத்தவர், எல்லோருக்கும் நன்றி. ஸ்கேனைக் கணினியில் நிலத்தின் சரியான இடங்களோடு பொருத்திய தம்பிக்குத் தனியாக ஒன்று: நாலு மூலையோடு நிற்காமல், ஐந்து நிமிட (ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் 16 இடங்களையும் குறித்தார். நனைந்த தாள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிலத்தில் 63 மீட்டர். பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த பழைய எவரெஸ்ட் அளவையை இன்றைய அளவைக்கு மாற்றாமல் விட்டிருந்தால் ஊர்கள் இன்னொரு 100 மீட்டருக்கு மேல் தள்ளி நின்றிருக்கும்.

இனி மூலத்தாள் மடிக்கப்படாது, சுவரில் மாட்டப்படாது. நகலை அஞ்செட்டிக்கு எடுத்துப்போகிறோம். ஓடைகளின் பெயர் தெரிந்த பெரியவர்கள் அருகில் உட்கார வேண்டும். பென்சில் நாங்கள் கொண்டுவருகிறோம்.