எனக்காகக் காத்திருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஞாயிறுதோறும் ஆராதனைக்காக அக்கா, அண்ணன் வீட்டுக் கூடத்தில் உங்களோடு உட்கார ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் ஒருமுறைகூட முறையாக நன்றி சொன்னதில்லை. நேரில் சொல்லப் போனால், "அதெல்லாம் எதுக்கு, பாட்டை ஆரம்பிங்க" என்று அக்கா தடுத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதவும் காரணம் உண்டு. சபையை விட்டு வெளியே வந்து, இனி எங்கே போவது என்று தெரியாமல் வீட்டிலேயே முடங்கியிருக்கும் விசுவாசிகள் பலரை எனக்குத் தெரியும். நீங்கள் எனக்குச் செய்தது அவர்கள் காதிலும் விழட்டும்.

நான் வளர்ந்த சபையை விட்டு வந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. காணிக்கைக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அடுத்த வாரப் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், எனக்குப் பதில் வந்தது. அந்தப் பேச்சைவிட அதற்குப் பிறகு வந்த மௌனம்தான் என்னை அதிகம் நோகடித்தது. மூன்று மாதம் நான் ஆராதனைக்குப் போகவில்லை. இருபது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனைத் தேடி ஒரு போன்கூட வரவில்லை.

நான்காவது மாதம்தான் முதல் போன் வந்தது. அக்கா, அது உங்களுடையது. "எங்க வீட்டுக் கூடுகைக்கு வாங்கன்னு கூப்பிடல தம்பி, நல்லா இருக்கீங்களான்னு கேட்கத்தான்" என்றீர்கள். அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரம். ஏழு வாரம் அப்படியே கூப்பிட்டீர்கள். எட்டாவது வாரம் நானே, "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

பைபிளில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அக்காவும் அண்ணனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். கூடாரம் செய்து பிழைத்த அவர்கள் எபேசுவில் இருந்தபோதும் சபை அவர்கள் வீட்டில் கூடியது, ரோமில் இருந்தபோதும் அவர்கள் வீட்டில்தான் கூடியது. அப்போஸ்தலன் பவுல் தன் கடிதங்களில் இரண்டையும் குறிப்பிடுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டைக் கூட்டி, எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவியது யார் என்று எழுதவில்லை. எங்கள் விஷயத்தில் யார் என்று எனக்குத் தெரியும். அண்ணா, நன்றி.

முதல் நாள் நான் பார்த்தது வட்டமாகப் போட்டிருந்த பதினொரு நாற்காலிகளை. மேடை இல்லை, மைக் இல்லை. ஒருவர் சங்கீதம் வாசித்தார், ஒருவர் தன் வாரத்தைச் சொன்னார், ஒரு சின்னப் பெண் மனப்பாட வசனம் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கூடிவரும்போது ஆளுக்கொன்று கொண்டுவருவதாக 1 கொரிந்தியர் 14:26 சொல்வதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். என் பக்கம் திரும்பி யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் நான் பேசும் நிலையில் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அடுத்து ஐயாவுக்கு. கசப்பு முற்றி ஒரு வழியாகிவிடாமல் என்னைக் காத்தவர் நீங்கள். வந்த புதிதில் ஒருநாள் நான் ஆவேசமாகப் பேசினேன்: "ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-ல் அனுமதி கொடுக்கிற வரைக்கும் கிறிஸ்தவர்களுக்குக் கட்டிடமே கிடையாது, எல்லாக் கேடும் அதற்குப் பிறகு வந்ததுதான்." நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்கு முன்பே, 303-ல் நிக்கொமேதியா நகரத்தில் பேரரசர் தியோக்லேத்தியன் இடித்துத் தள்ளியது என்ன என்று கேட்டீர்கள். அது ஒரு தேவாலயம். அதை இழந்தவர்களும் நம் சகோதரர்கள்தானே என்றீர்கள். அதோடு நிறுத்தாமல், ஐபிராத்து நதிக்கரையில் தூரா யூரோப்பஸ் என்ற ஊரில் தோண்டியெடுத்த மூன்றாம் நூற்றாண்டு வீட்டின் படத்தையும் காட்டினீர்கள். சாதாரண வீடு. இரண்டு அறைக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குத் தனி அறை. அதன் சுவரில், இயேசு குணமாக்கிய பிறகு படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரனின் ஓவியம். "கூட்டம் பெருகினால் நாமும் சுவரைத்தான் எடுப்போம். அதனால் கட்டிடத்தைத் திட்டாதீங்க" என்றீர்கள். அன்றோடு பழைய சபையைப் பற்றிப் புறணி பேசுவதை நம் கூடுகையில் நிறுத்திவிட்டோம். எனக்கு உறக்கம் திரும்பி வந்தது அந்த வாரத்தில்தான்.

பண விஷயத்திலும் உங்களுக்கே கடமைப்பட்டிருக்கிறேன். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார் என்று 2 கொரிந்தியர் 8-ஐ எடுத்து விளக்கினீர்கள். அதன்படி எங்கள் காணிக்கையை மேசைமேல் கொட்டி இரண்டு பேர் எண்ணுகிறார்கள். மூன்றாமவர் நோட்டில் எழுதி சத்தமாக வாசிக்கிறார். வாடகை இல்லை, சம்பளம் இல்லை. பெரும்பாலும் யாருடைய மருந்துக்கோ, யாருடைய பிள்ளையின் கட்டணத்துக்கோ போகிறது. கணக்கு கேட்டதற்காக ஒதுக்கப்பட்டவனுக்கு அந்த நோட்டை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது எப்படி இருந்தது என்று இப்போதுதான் சொல்கிறேன்: கை நடுங்கியது.

வீட்டில் கூடினால் எல்லாம் சுகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னக் கூட்டத்தில் ஒருவர் குரல் ஓங்கிவிட்டால் தட்டிக்கேட்க ஆள் இருக்காது. எங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. ஒரு குடும்பம் மனம் நொந்து விலகியது, அதில் என் பேச்சுக்கும் பங்கு உண்டு. அப்போது வெளியிலிருந்து வந்து, இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டு, என் தவறை என் முகத்துக்கு நேரே சொன்ன மூப்பருக்கு நன்றி. வருடத்துக்கு இரண்டு முறை அவர் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. விலகிய குடும்பத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார்கள். அதற்கும் நன்றி.

நர்ஸ் தங்கச்சி, உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரவு டியூட்டி முடிந்து நீ வரும்போது பல வாரம் கூடுகை பாதி தாண்டியிருக்கும். நீ வருகிறவரை அப்பத்தைத் துணி போட்டு மூடி வைத்திருப்போம். ஒருமுறை நீ ரொம்பவே தாமதித்தாய். பிள்ளைகள் பசியில் சிணுங்கின, நானும் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் 1 கொரிந்தியர் 11:33-ஐத் திறந்து என் மடியில் வைத்தார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றிருந்தது. நீ சீருடையோடு, தலைகூடக் கலைந்தபடி, "என்னால லேட்டாயிடுச்சா?" என்று வாசலில் நின்றாய். அன்று அப்பம் பிட்கும்போது, எனக்காக ஏழு வாரம் காத்திருந்ததும் இதே ஆட்கள்தான் என்று உறைத்தது.

அம்மா இறந்தபோது பயந்தது ஒன்றுக்குத்தான். நான் எந்தச் சபையின் பதிவேட்டிலும் இல்லை. அடக்க ஆராதனையை யார் நடத்துவார்கள்? அந்த ராத்திரி தன் சபையில் நூறு வேலைகளை வைத்துக்கொண்டு ஒரு போதகர் வந்தார். முன்பின் பழக்கமில்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தவர். "நீங்க எந்தச் சபை?" என்று அவர் கேட்கவேயில்லை. "அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்றுதான் கேட்டார். போதகர் ஐயா, ஸ்தாபன சபைகளைப் பற்றி இனி நான் என்ன பேசினாலும் உங்களை நினைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

கடைசியாக, என் ஞாயிறு பள்ளி டீச்சருக்கு. நீங்கள் இன்னும் அதே பழைய சபையில்தான் இருக்கிறீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. நான் வெளியே வந்தது உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் கடைசி ராத்திரியில் பைபிளைத் தேடவில்லை டீச்சர். 23-ஆம் சங்கீதம் ஒரு வரி பிசகாமல் வாயில் வந்தது. நீங்கள் கைதட்டிச் சொல்லிக்கொடுத்த அதே இழுவையோடு சொன்னேன். அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது.

இதை உங்கள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்த மாதத்துக்குள் வீட்டுக்கு வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்